உள்ளங்கையில் ஒரு போர் விமானம்

ஆறடி உயரமுள்ள ஒருவரை ஓர் அங்குல உயரத்துக்குச் சுருக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் வசிக்கும் வீடு, ஏறும் வண்டி, அமரும் நாற்காலி ஆகிய அனைத்தும் அதே கணக்கில் சுருங்கினால்தானே அவருக்குப் பொருந்தும்? ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே எல்லாப் பொருளும் 72-இல் ஒரு பங்காகிவிடும். மாதிரி விமானம் செய்வோர் உலகெங்கும் மிகுதியாகக் கையாளும் அளவு இதுவே. பத்து, நூறு என்று முழு எண்ணாக இல்லாமல் 72 என்று ஏன் வைத்தார்கள் என வியப்போருக்கு இது விடையாகும். மனித உடலை அங்குலக் கோலால் அளந்தபோது பிறந்த எண் அது.

இந்த அளவில், பிளாஸ்டிக்கினால் ஆன ஜெட் போர் விமானம் ஒன்றை இணைத்து வண்ணம் தீட்டுவது எப்படி என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். இது பிள்ளைகளின் விளையாட்டு என்று நேயர்களில் பலர் கருதக்கூடும். விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் பொய் சொல்லாமல் ஆட வேண்டிய விளையாட்டு. அந்த ஒரு நிபந்தனையை ஏற்றுக்கொண்டவுடன் வயது வந்தோருக்கும் அது கடினமான விளையாட்டாகிவிடுகிறது.

இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். இங்கிலாந்தில் 1930-களில் மரத்தினால் செய்யும் மாதிரிகள் இந்த அளவில் வெளிவந்தன. 1936-இல் ஃபிராக் நிறுவனத்தார் பெங்குவின் என்ற பெயரில் பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் வைத்து விற்றனர். பறக்காத மாதிரிக்குப் பறக்காத பறவையின் பெயரை வைத்த நகைச்சுவையை மெச்ச வேண்டும். பின்னர் உலக யுத்தம் வந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவர்களை நோக்கி, இதே அளவில் 5 லட்சம் மாதிரி விமானங்களை மரத்தில் செதுக்கித் தரும்படி கேட்டது. வானத்தில் தோன்றுவது நண்பனா பகைவனா என்பதை நொடிப்பொழுதில் இனங்காணப் பீரங்கி வீரர்களுக்கும் காவலர்களுக்கும் பயிற்சி வேண்டியிருந்தது. இந்த அளவுள்ள மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் பார்ப்பதற்கு ஒப்பாகும். யுத்தம் முடிந்தபின், அச்சில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்திப் பாகங்களை வார்த்தெடுக்கும் முறை மலிவாயிற்று. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-இல் ஒரு பழைய பாய்மரக் கப்பலையும், 1953-இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தையும் இவ்வாறு வெளியிட்டது. அதன்பின் இது உலகளாவிய பொழுதுபோக்காகப் பரவியது.

பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும் ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். நான் எடுத்துக்கொள்வது நாட் என்னும் விமானம். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கொசுவைப் போன்ற சிறு பூச்சி என்பது பொருள். இதை வடிவமைத்தவர் பெட்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். லைசாண்டர், கான்பெரா ஆகிய புகழ்பெற்ற விமானங்களை உருவாக்கியவர். போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்து, எடை மிகுந்து, விலையும் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு அவர் மனம் கசந்தார். சிறியதாகவும் எளியதாகவும் ஒன்றைச் செய்து காட்டுவேன் என்று ஃபாலண்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். மிட்ஜ் என்ற முன்னோடி 1954 ஆகஸ்டு 11-இலும், நாட் விமானம் 1955 ஜூலை 18-இலும் முதன்முதலாகப் பறந்தன. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறக்குறைய 22 அடி; தரையிலிருந்து வால் உச்சி வரை 8 அடி. அக்காலத்து ஹண்டர் விமானத்தின் எடையில் பாதிக்கும் குறைவுதான்.

பிரிட்டிஷ் விமானப்படை இந்தச் சண்டை விமானத்தை ஏற்கவில்லை. அதை நீட்டி, அகட்டி, இரண்டு இருக்கைகள் வைத்த பயிற்சி விமானத்தையே தனக்கு எடுத்துக்கொண்டது. ஒற்றை இருக்கை விமானத்தை மனமுவந்து ஏற்ற பெரிய நாடு இந்தியா. பெங்களூரில் அது உற்பத்தியாயிற்று. 1965-லும் 1971-லும் நடந்த போர்களில் அது ஈடுபட்டது. 1979 வரை நமது விமானப்படையில் பணியாற்றியது.

இனி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 அடி இறக்கை, 72-இல் ஒரு பங்கானால் மூன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். வளர்ந்த ஒருவரின் உள்ளங்கையில் அடங்கிவிடும். வாலின் உயரம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். விமானத்தின் பீரங்கிகள் இரண்டும் 30 மில்லிமீட்டர் துளை உடையவை. காற்று உள்ளே செல்லும் வாய்களின் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்தவை. மாதிரியில் அத்துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தையல் ஊசியைக் கைப்பிடியில் பொருத்திக் குத்தினால்தான் அத்துளை வாய்க்கும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முதல் சோதனை வந்துவிடுகிறது. கடைகளில் நெடுங்காலமாக எளிதில் கிடைத்துவந்த நாட் பெட்டி, பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தின் மாதிரியே. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960-களில் அதை வெளியிட்டது. சிவப்பு அம்புகள் எனப்படும் பிரிட்டிஷ் சாகச அணி 1965 முதல் 1979 வரை அவ்விமானத்தில் பறந்ததால், அந்தப் பெட்டிக்கு என்றும் விற்பனை இருந்தது. அதை வாங்கி, சிவப்புக்குப் பதிலாக வெள்ளி நிறம் தீட்டி, இந்திய வட்டச் சின்னத்தை ஒட்டினால் நமது சண்டை விமானம் ஆகிவிடாதா என்று கேட்பவர் உண்டு. ஆகாது. பயிற்சி விமானத்தின் உடல் நீளமானது, இறக்கைப் பரப்பு அதிகம், வாலும் பெரியது, கண்ணாடிக் கூட்டின் அடியில் இருவர் அமர வேண்டும். தம்பிக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்கு மாட்டுவதுகூட நடக்கும், இது நடக்காது. இப்போது செக் நாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து ஒற்றை இருக்கை விமானத்தின் பெட்டியும் வந்துள்ளது. இந்திய விமானத்தைச் செய்ய விரும்புவோர் அதைத் தேடிப் பெறுவதே முறை. பெட்டியின் மூடியில் உள்ள ஓவியத்தை நம்பி வாங்கக் கூடாது. அது வாங்குவோரை மயக்குவதற்காக வரையப்பட்டது. உள்ளேயுள்ள பாகங்களின் வடிவமே நமக்கு வேண்டியது.

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கிளைகளில் காய்கள் தொங்குவதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் முறித்தெடுப்பது பெரும்பிழை. பாகத்தின் ஓரம் பிய்ந்துவிடும். கூரிய சிறு குறடோ, நல்ல நகவெட்டியோ கொண்டு சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய காம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரும்பொருட்டுத் தடவிய எண்ணெய்ப் பசை பாகங்களில் தங்கியிருக்கும். சோப்பு நீரில் கழுவி உலர்த்தாவிட்டால் பின்னால் வண்ணம் உரிந்துகொண்டு வரும்.

ஒட்டும் முறையும் கவனிக்கத் தக்கது. தாளைக் கோந்தினால் ஒட்டும்போது இரண்டு தாள்களுக்கிடையே கோந்து ஒரு படலமாகத் தங்குகிறது. பாலிஸ்டைரீன் என்னும் இந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவமோ அப்படித் தங்குவதில்லை. அது இருபக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சிறிது கரைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கச் செய்து, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. இரும்பைப் பற்றவைப்பதை ஒத்த செயல் இது. ஆகவே இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இடுக்கில் ஒரு துளியைத் தொட்டு வைத்தால் போதும். திரவம் தானே இடுக்கின் வழியே ஓடிப் பரவும். அதிகமாக ஊற்றினால் பாகமே உருகிக் குழையும். இத்திரவத்தின் ஆவி நல்லதன்று. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

உடலின் இடப் பாதியையும் வலப் பாதியையும் ஒட்டுவதற்கு முன் மூக்கில் எடை வைப்பதை மறக்கலாகாது. இந்த விமானம் மூக்கின் அடியில் ஒரு சக்கரமும் நடுவில் இரண்டுமாக நிற்பது. உண்மை விமானத்தில் முன்புறம் பீரங்கியும் கருவிகளும் விமானியும் இருந்து சமன் செய்வர். பிளாஸ்டிக் கூட்டில் அவ்வெடை இல்லாமையால், மேசையில் வைத்தவுடன் அது வாலைத் தரையில் ஊன்றி அண்ணாந்து நிற்கும். தூண்டில் கயிற்றில் கட்டும் ஈயக்குண்டு இரண்டை மூக்கினுள் ஒட்டினால் இக்குறை தீரும். இந்தச் சக்கரங்களைப் பற்றி ஒரு செய்தி: பறக்கும்போது வேகத்தைக் குறைக்கத் தனியாக மடல்கள் வைத்தால் எடை கூடும் என்று கருதிய பெட்டர், சக்கரக் கால்களையே ஓரளவு கீழே இறக்கி வேகத்தடையாகப் பயன்படுத்தும்படி அமைத்தார். சிக்கனத்தைக் கலையாகக் கொண்ட மூளை அது. சிறு கதவுகளோடு கூடிய அந்தக் கால்களை மாதிரியில் ஒட்டும்போதுதான் இந்த யுக்தி கண்ணுக்குப் புலனாகிறது. புத்தகத்தில் படித்தால் மனத்தில் பதிவதில்லை.

இணைப்பு முடிந்ததும் உடலின் முதுகிலும் வயிற்றிலும் ஒரு நெடுங்கோடு தெரியும். அதை மறைக்கப் பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு நமக்குத் துணையாக வரும். கால் மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்கு மிகச் சிறிதாகவே படும். ஆனால் 72-ஆல் பெருக்கினால் 18 மில்லிமீட்டர். உண்மை விமானத்தில் தகடுகளுக்கிடையே கட்டை விரல் அளவு பிளவு இருந்தால் எந்தத் தொழிலாளி அதை வெளியே அனுப்புவான்? அதே கணக்குதான் வண்ணத்துக்கும். தூரிகையால் தடித்துப் பூசிய வண்ணம், கால் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம் இருந்தால்கூட, உண்மையில் மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சாகிவிடும். சுவருக்குக்கூட அவ்வளவு கனமாக வண்ணம் பூசுவதில்லை. ஆகையால் வண்ணத்தைப் பால்போல் நீர்க்கக் கரைத்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இட வேண்டும். ஏர்பிரஷ் என்னும் சிறு காற்றுத் தூவி உள்ளவர்களுக்கு இது எளிது. இல்லாதவர்கள் மென்மையான அகன்ற தூரிகையைக் கொண்டு, ஒரு பூச்சு நன்கு காய்ந்தபின் குறுக்காக மறு பூச்சிட்டால் பழுதில்லாமல் வரும்.

நம் ஊரில் செய்வோருக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழைக் காலத்தில், விரைவில் ஆவியாகும் லாக்கர் வகை வண்ணங்களைத் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துப் போகும். மோட்டார் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும். மழை நாளில் அவர்கள் வேலையைத் தள்ளிப் போடுவார்கள். நாமும் தள்ளிப் போடுவதே நன்று.

கண்ணாடிக் கூட்டை ஒட்டுவதில் இன்னுமொரு ஆபத்து உண்டு. உடனடியாகப் பிடிக்கும் பசைகளின் ஆவி, நிறமற்ற பிளாஸ்டிக்கின்மேல் வெண்பனிபோல் படியும்; துடைத்தாலும் போகாது. தச்சர்கள் கையாளும் வெள்ளைக் கோந்து ஒரு துளியே இதற்குப் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போய்விடும்.

இதுவரை கூறியவை கையின் திறத்தால் வெல்லக்கூடியவை. வண்ணம் எது என்னும் கேள்வியோ கையால் தீராது. 1965-இல் போர் தொடங்கியபோது நமது நாட் விமானங்கள் வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 3-ஆம் தேதி அவை முதன்முதலாகப் பகைவரின் சேபர் விமானங்களோடு மோதின. பின்னர் உருமறைப்பு வண்ணங்கள் வந்தன. வெள்ளி என்று சொல்லிவிட்டோம், எந்த வெள்ளி? வண்ணம் பூசாத அலுமினியமா, அலுமினியப் பொடி கலந்த வண்ணமா? பூச்சற்ற உலோகமானால் ஒவ்வொரு தகடும் சற்று வேறுபட்ட ஒளி வீசும். வெப்பம் மிகுந்த வால் பகுதி மங்கியிருக்கும். பூசிய வெள்ளியானால் உடல் முழுவதும் ஒரே தன்மையாக இருக்கும். புகைப்படத்தை உருப்பெருக்கியின் அடியில் வைத்து உற்று நோக்கித்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும்.

அக்காலத்துப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. பச்சையும் பழுப்பும் ஒரே ஒளி அளவு உடையனவாயின் படத்தில் ஒரே சாம்பல் நிறமாக விழுந்துவிடும். அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்துவிடலாமே என்றால், அங்கே நிற்கும் விமானங்கள் ஓய்வு பெற்றபின் மறுபடி மறுபடி வண்ணம் தீட்டப்பட்டவை. அவை சாட்சி சொல்லும், ஆனால் முழுச் சாட்சியன்று. ஒரு படத்தோடு இன்னொரு படத்தை ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துக்கொண்டதை மட்டும் ஏற்று, ஒவ்வாததைத் தள்ளி வைக்கும் பழக்கம் மாதிரி செய்வோனுக்குத் தானே படிந்துவிடுகிறது. கல்வெட்டு ஆராய்வோர் செய்வதும் இதைத்தானே!

வண்ணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாலும் அதை அப்படியே பூசக்கூடாது என்பது இக்கலையின் விந்தைகளில் ஒன்று. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மாதிரியைக் காண்பது, உண்மை விமானத்தை நூறடிக்கு மேற்பட்ட தூரத்தில் காண்பதாகும். இடையில் உள்ள காற்றும் தூசியும் நிறத்தை வெளிறச் செய்யும். தொலைவில் உள்ள மலை நீலமாகத் தோன்றுவதும் இதனால்தான். எனவே கடும்பச்சையோடு ஒரு துளி வெள்ளையைக் கலந்து சற்று வெளிறவைத்தால்தான், பார்ப்பவனுக்கு அது உண்மைப் பச்சையாகத் தோன்றும். எவ்வளவு வெள்ளை என்பதில் கருத்து வேறுபாடு நிறைய உண்டு. குறைவாகக் கலப்பதே நலம் என்பது என் எண்ணம். மிகுந்தால் விமானம் வெயிலில் கிடந்த பொம்மைபோல் ஆகிவிடும்.

வண்ணத்தின்மேல் பளபளக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு இட்டு, அதன் பிறகே சின்னங்களை ஒட்ட வேண்டும். டிகால் எனப்படும் இச்சின்னங்கள் மெல்லிய படலத்தில் அச்சானவை. நீரில் ஊறவைத்தால் தாளிலிருந்து நழுவி வரும். சொரசொரப்பான பரப்பில் வைத்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளித் தூள் தூவினாற்போல் காட்டும். நமது வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. அச்சு மெல்லியதாயின் அடியிலுள்ள கரும்பச்சை ஊடுருவி, காவி மண்நிறமாகிவிடும். அப்போது அந்த இடத்தில் மட்டும் முதலில் வெள்ளை வட்டம் ஒன்று தீட்டி, அதன்மேல் சின்னத்தை வைப்பார்கள். எல்லாம் காய்ந்தபின் ஒளிமங்கிய வார்னிஷ் இட்டால், சின்னம் ஒட்டியதாகத் தோன்றாமல் தீட்டியதாகத் தோன்றும்.

அடுத்தது அழுக்கு. புதிதாகச் செய்த பொருளை வேண்டுமென்றே அழுக்காக்குவது இல்லத்தரசிகளுக்கு விளங்காத செயல். ஆனால் போர்முனை விமானம் கல்யாண மாப்பிள்ளைபோல் நிற்பதில்லை. பீரங்கி வாயின் பின்னால் புகைக்கறை படியும். வயிற்றில் எண்ணெய் கசிந்து காற்றோட்டத்தின் திசையில் பின்னோக்கி இழுபடும். விமானி ஏறி இறங்கும் இடத்தில் காலணி உரசி வண்ணம் தேயும். அந்தக் கறை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இரவு முழுதும் விழித்துப் பழுது பார்த்ததன் தடயம். பழுப்பு நிற எண்ணெய் வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, மீதியைத் துணியால் காற்றோட்டத் திசையில் துடைத்தால் போதும். ஆனால் காரணமில்லாத இடத்தில் ஒரு கறைகூட இருக்கக் கூடாது. சிலர் அழுக்கின்மேல் ஆசை கொண்டு, இருபதாண்டு குப்பைமேட்டில் கிடந்ததுபோல் செய்துவிடுகிறார்கள். அதுவும் பொய்தான்.

கொல்வதற்கென்றே செய்த இயந்திரத்தை வீட்டு அலமாரியில் அழகுப் பொருளாக வைப்பது தகுமா என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாட் விமானத்தைப் படைத்த பெட்டரே அத்தொழிலை முற்றிலும் துறந்து, ஐரோப்பாவில் ஒரு சமயச் சமூகத்தாரோடு சேர்ந்து வாழப் போய்விட்டார், 1968-இல் காலமானார். இக்கேள்விக்கு நான் பொதுவான விடை கூற முற்படவில்லை. விமானத்தின் உட்புறத்தைச் செய்யும்போது கையில் தோன்றும் ஒரு விடையை மட்டும் கூறுகிறேன்.

விமானியின் இருக்கை இந்த அளவில் அரை அங்குலம் இருக்கும். ஆபத்தில் விமானியை மேலே எறிந்து காப்பாற்றும் இருக்கை அது. இந்த விமானத்தின் சிறுமைக்கேற்ப ஃபாலண்ட் நிறுவனத்தாரே இலேசாகச் செய்தது. பெட்டியில் வரும் இருக்கை பெரும்பாலும் வெறும் நாற்காலிபோல் இருக்கும். மிட்டாய் சுற்றி வரும் உலோகத் தாளை மெல்லிய நாடாக்களாக வெட்டி, தோள்பட்டை வார்கள் இரண்டையும் இடை வார்கள் இரண்டையும் ஒட்ட வேண்டும். வண்ணம் தீட்டிப் பக்கத்தில் ஓர் அங்குல மனிதனை நிறுத்திப் பார்த்தால், எவ்வளவு குறுகிய இடம் என்பது விளங்கும். கையை விரிக்கவும் இடமில்லை.

1971 டிசம்பர் 14-ஆம் நாள் காலை ஸ்ரீநகர் விமானத் தளத்தைப் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் ஆறு தாக்கின. குண்டுகள் ஓடுபாதையில் விழுந்துகொண்டிருந்தபோதே நாட் விமானங்கள் இரண்டு புறப்பட்டன. இரண்டாவதாகக் கிளம்பியவர் 18-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் சேகோன். பஞ்சாபின் லூதியானா மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்போது வயது 26. எண்ணிக்கையில் மிகுந்த எதிரிகளோடு தனித்துப் போராடியபின் அவருடைய விமானம் அடிபட்டது. கடைசி நேரத்தில் இருக்கையோடு வெளியேற முயன்றும் உயிர் தப்பவில்லை. இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அதுவும் மறைவுக்குப் பின்.

உலோகத் தாளில் வெட்டிய அந்த நான்கு வார்களை ஒட்டும்போது இச்செய்தி அறிந்தவனுக்கு அவை அலங்காரமாகத் தோன்றா. அணிவகுப்பு நாளில் விமானம் தலைக்குமேல் இரைந்து பறப்பதைக் கண்டு கைதட்டுபவனுக்கு அந்த இருக்கை தெரிவதில்லை. செய்பவனுக்குத் தெரியும், பல மாலைப் பொழுதுகள் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

கடைசியாக ஒரு தீர்மானம் எஞ்சியிருக்கிறது. விமானத்தை எந்த நிலையில் வைப்பது? சக்கரங்களை இறக்கி, கண்ணாடிக் கூட்டைத் திறந்து, இருக்கையைக் காலியாக விட்டால், அது தளத்தில் ஓய்வாக நிற்கும் விமானம். ஏணி ஒன்றைச் சாய்த்து வைக்கலாம். சக்கரங்களை மடக்கி, தாங்கியின்மேல் பறப்பதுபோல் வைத்தால் உள்ளே விமானி இருந்தாக வேண்டும். ஆளில்லாத இருக்கையோடு பறக்கும் நாட் விமானம் எத்தனை அலமாரிகளில் இருக்கிறதென்று எண்ணிப் பார்த்தால் நகைப்பு வரும்.

ஸ்ரீநகரின் அந்தக் காலையைச் செய்ய விரும்புவோருக்கு இவ்விரண்டும் பொருந்தா. அது ஓடுபாதையில் விரையும் விமானம். சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும். கூடு மூடியிருக்க வேண்டும். விமானி உள்ளே இருக்க வேண்டும். பெட்டியில் விமானியின் உருவம் இல்லாவிட்டால் வேறொரு பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கைகள் பக்கவாட்டில் இடிக்குமாதலால் முழங்கையில் சிறிது தேய்க்க வேண்டியிருக்கும். தலைக்கவசம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டி, நன்றாகக் காயவைத்து, வார்களைத் தோளின்மேல் கொண்டுவந்து ஒட்டி, அதன் பிறகே கண்ணாடிக் கூட்டை மூட வேண்டும். மூடி ஒட்டிவிட்டால் மறுபடி திறக்க இயலாது.